முண்டக்கயம் இறக்கத்தில் ஒரு ராத்திரி

2016 கார்த்திகை. சபரிமலைக்கு எனக்கு முதல் தடவை, கன்னி மாலை. கம்பத்துலருந்து ஏழு பேர் எருமேலிக்கு நடந்தோம். இப்ப நிறைய பேர் வண்டிப்பெரியாறுல சத்திரம் பக்கம் திரும்பி, புல்மேடு வழியா சன்னிதானத்துக்கு இறங்கிடுறாங்க. எங்க குருசாமி ஒத்துக்கல. கன்னிசாமி எருமேலியில பேட்டை துள்ளாம, அதாவது சாயம் பூசி ஆடிப் போகாம, மலையேறக் கூடாதுன்னுட்டார்.

குட்டிக்கானம் தாண்டி இறக்கத்துல மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு சாமிக்கு முட்டி வீங்கி, ரெண்டு பேர் தாங்கித்தான் நடத்தினோம். ராத்திரி தங்க நினைச்ச இடத்துல ஏற்கெனவே கால் வைக்க இடமில்ல. ரோட்டோரம் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில ஒதுங்கினோம். உள்ளேருந்து முக்காடு போட்ட ஒரு பெரியம்மா வந்து, "கேறி இருங்க சாமி, நனையாதீங்க"ன்னாங்க.

ராவுத்தர் வீடு. கம்பம், உத்தமபாளையத்துல இருக்கிற ராவுத்தமார் காஞ்சிரப்பள்ளி, முண்டக்கயம், எருமேலின்னு அந்தப் பக்கமும் இருக்காங்க. பல வீட்டுல இன்னும் பேச்சு தமிழ்தான்.

குருசாமி தயங்கினார். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். விரதம் கெட்டுடுமோன்னு. அந்தம்மா அதைப் படிச்ச மாதிரி, நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, "வீட்டுல விலக்கு யாரும் இல்ல சாமி"ன்னாங்க. அடுத்து அடுப்புல இருந்த மீன் சட்டியைத் துணியால பிடிச்சுத் தூக்கிக்கிட்டு, மழையிலேயே கொழுந்தன் வீட்டுக்குக் கொண்டு போனாங்க. வந்து தரையை ரெண்டு தடவை கழுவினாங்க. இருமுடியைக் கீழ வைக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லணுமா என்ன! அவங்க மகன் தையல் மெஷினை ஓரம் தள்ளி, பெஞ்சு மேல வெளுத்த வேட்டியை விரிச்சுட்டார்.

சமைச்சுத் தர அவங்க முன்வரல. அதுதான் என்னை அசத்திச்சு. புதுப் பானை ஒண்ணு, பச்சரிசி, பயறு, காய்ஞ்ச விறகு, இவ்வளவையும் பின்கட்டுல வச்சுட்டு ஒதுங்கிட்டாங்க. கஞ்சி வச்சு முடிச்சதும் குருசாமியே போய், "உங்க கையால ஒரு கட்டங்காப்பி குடுங்கம்மா"ன்னு கேட்டார். நாப்பது வருஷமா மலைக்குப் போறவர், சத்தம் கம்மிப் போயிருந்துச்சு.

காப்பி குடிக்கும்போது பேட்டை துள்ளல் கதையெல்லாம் அந்தம்மாதான் சொன்னாங்க. தை பிறக்கிறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அம்பலப்புழைக் கூட்டம் எருமேலியில இருக்கிற வாவர் பள்ளிவாசலை வலம் வந்துட்டுப் போகும். பின்னாடி வர்ற ஆலங்காட்டுக் கூட்டம் பள்ளிக்குள்ள நுழையாது. ஐயப்பனோட முஸ்லிம் தோழர் வாவர், முதல் கூட்டத்தோடவே கிளம்பிப் போயிட்டார்னு நம்பிக்கை. எங்க ஊர்ல இதைச் சொல்லி யாரும் கேட்டதில்ல.

விடியக் காலம் நாலரைக்கு எழுந்தா, வெந்நீர் கொதிச்சுக்கிட்டிருக்கு. நாங்க சரணம் சொல்லி முடிக்கவும் தூரத்துல பாங்கு சத்தம் கேட்கவும் சரியா இருந்துச்சு. கிளம்பும்போது முள்முருங்கையில படர்ந்த சொந்தக் கொடியோட மிளகை ஒரு துணியில முடிஞ்சு என் கையில குடுத்தாங்க. வாவருக்கு. எருமேலியில போட மனசு வரல. மேல கொண்டு போய், பதினெட்டாம்படிப் பக்கம் இருக்கிற வாவர் நடையில சேர்த்தேன். அங்க இருந்த முஸ்லிம் பெரியவர் விபூதி குடுத்தார்.

ராத்திரி முழுக்க என்னை "சாமி, சாமி"ன்னே கூப்பிட்டாங்க. எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு, கூச்சமா இருந்துச்சு.

தை மாசம் குமுளிக்கு ஒரு சோலியாப் போனவன், பஸ் பிடிச்சு அந்த வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு கழுத்தைத்தான் முதல்ல பார்த்தாங்க.

"மாலை கழட்டியாச்சா?"

"ஆச்சும்மா."

"அப்ப உள்ள வாடா."

கப்பக்கிழங்கும் மீன்கறியும் போட்டாங்க. அதே சட்டி.