உண்ணியின் ‘குவெஸ்டிங்’: தமிழில் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,

வனவிலங்கு மேலாண்மைப் பாடநூலில் மூஸ் (வட அமெரிக்கா, வட ஐரோப்பாவின் குளிர்காடுகளில் வாழும் மிகப் பெரிய மான்) பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குளிர்கால உண்ணியின் லார்வாக்கள் இலையுதிர் காலத்தில் செடி நுனிக்கு ஏறி, காலை நீட்டியபடி, மூஸ் உரசிக்கொண்டு போகும்வரை இருக்கின்றன. இதுதான் குவெஸ்டிங். ‘தேடல்’ என்று போட முடியாது, அவை எங்கும் போய்த் தேடுவதில்லை. வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் அம்புக்குறியின் மேல் எழுத வேண்டும், எனவே சுருக்கமாக வேண்டும். ‘தொற்றுநிலை’ சரிவருமா?

———

வேண்டாம் ஐயா. தொற்று என்றாலே மாணவர்கள் நோய்த்தொற்று என்றுதான் படிப்பார்கள். அதே இயலில் வெள்ளைவால் மானிடமிருந்து நத்தை வழியாக வரும் மூளைப்புழு இருக்கும், நார்வேயில் 2016-இல் மூஸிடம் கண்டறிந்த பிரியான் நோயும் (உருக்குலைந்த புரதத்தால் வருவது) இருக்கும். அவை தொற்று. இந்த உண்ணி மூஸைக் கொல்வது குருதியைக் குடித்து. ஒரே விலங்கின் மேல் பல்லாயிரம் உண்ணிகள் குளிர்காலம் முழுதும் தங்கிவிடுகின்றன. முதல் குளிர்காலத்தைத் தாண்டாத கன்றுகள் வசந்தம் தொடங்கும்போது சோகை பிடித்துச் சாகின்றன. பெரியவை மரத்தில் உரசி உரசி மயிர் ஒடிந்து வெளிறிப்போய் நிற்கும். ‘பற்றக் காத்தல்’ என்று எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

———

‘பற்றக் காத்தல்’ விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘பற்ற’ என்ற செயவென் எச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த சொற்களை எப்படி ஆக்குவீர்கள்? ‘பற்றுக்காப்பு’ என்று சுருக்கினால் பாதுகாப்பு என்று பொருள்படும்.

என் பரிந்துரை ‘கொளுவல்’. கொள், கொளு, கொளுவு: மாட்டிப் பிடித்துக்கொள்ளுதல். வளைவுப் பொருளில் கொக்கி, கொடுக்கு, கொம்பு எல்லாம் இதே வேர்க்குடும்பம் என்பது என் கருத்து, கொடியையும் சேர்க்கலாம். இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த லார்வாக்கள் திரளாக ஒன்றன் காலை ஒன்று பின்னிக்கொண்டு தொங்குகின்றன. ஒன்று மூஸின் மயிரைப் பிடித்தால் கூட்டமே தொடர்ந்து ஏறிவிடும். தமக்குள்ளும் கொளுவுகின்றன, விலங்கிலும் கொளுவுகின்றன. இதைவிட என்ன வேண்டும்?

———

ஐயா, ஈழத்துப் பேச்சில் கொழுவல் என்றால் சண்டை. ‘அவனோட கொழுவாதே’ என்போம். எழுத்தும் சிலர் ளகரம், சிலர் ழகரம். வகுப்பில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

அதைவிட முக்கியம், கொளுவல் பிடிப்பதைச் சொல்கிறது, காத்திருப்பதை விட்டுவிடுகிறது. மேலாண்மையில் கணக்கே அந்தக் காத்திருப்பில்தான். முதல் பனி பிந்தினால் லார்வாக்களுக்குக் கூடுதல் நாள் கிடைக்கிறது, அதிகம் ஏறுகின்றன. வசந்தத்தில் குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணிகள் கீழே விழும்போதும் அப்படித்தான்: பனிமேல் விழுந்தால் பல சாகும், வெறும் தரையில் விழுந்தால் முட்டையிடும். மூஸ் நெருக்கமாக இருந்தால் காத்திருப்பது வீண்போகாது. அதனால்தான் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2021 முதல் ஒரு பகுதியில் வேட்டை அனுமதியைக் கூட்டி, மூஸ் அடர்த்தி குறைந்தால் உண்ணியும் குறைகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். சொல்லில் ‘காத்தல்’ இல்லாவிட்டால் இந்தப் பத்தி மாணவர்களுக்கு எட்டாது.

———

இடையில் ஒரு கேள்வி. மூஸ் எதற்கு? கடமான் என்று நல்ல சொல் இருக்கிறதே!

———

கடமான் சாம்பர் மானுக்கு வழங்கும் பெயர் அம்மா. அதை எடுத்து மூஸுக்குக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். மூஸ் மூஸாகவே இருக்கட்டும். இதை வேறு இழையில் பேசலாமா?

———

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். நால்வர் ‘பற்றக் காத்தல்’ பக்கம், படத்தில் அதையே போடுகிறேன். ‘பற்றக் காக்கும் லார்வா’, ‘பற்றக் காக்கும் பருவம்’ என்று பெயரெச்சமாகவும் ஓடுகிறது.

———

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காத்தலில் காவல் பொருள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். லார்வாத் திரளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே, அதற்காவது ‘கொளுவுதிரள்’ என்று எழுதுங்கள். அதை யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை.