“இதெல்லாம் எதற்கு?” என்று தோன்றிய தருணம்: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு அது நல்ல நாளில்தான் வந்தது. வருடக்கணக்காகப் படித்த தேர்வில் தேறிவிட்டேன், வீடு முழுக்க சத்தம், எல்லோரும் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முகம் கழுவப் போனவன் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். சரி, இனி என்ன? வேலை, பதவி, ஓய்வு, சாவு என்று வரிசையாக எல்லாம் தெரிந்தது. துக்கமெல்லாம் இல்லை, வயிற்றில் ஒரு காலி. வெளியே வந்து எல்லோருடனும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் காலி இன்னும் முழுசாகப் போகவில்லை.

-----

என் அப்பா ஆன்மா, பிறவி, கர்மா என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவர். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நினைவோடுதான் இருந்தார், பேசவும் முடிந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன், பொய் சொல்லவில்லை, கேட்டு எழுதிவைக்கவே தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுதா?” அவ்வளவுதான். ஆயுள் முழுக்கப் பேசியதற்கெல்லாம் அதுதான் பதிலா, அல்லது பயத்தில் பேச்சை மாற்றினாரா? இன்றுவரை புரியவில்லை.

-----

முதலில் எழுதியவருக்கு: தப்பாக நினைக்க வேண்டாம், அது தத்துவமே இல்லை, அலுப்பு. பெரிய இலக்கு முடிந்ததும் எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வீடு கட்டி முடித்தபோது வந்தது, ஒரு மாதத்தில் போய்விட்டது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயைப் பாருங்கள். ஐம்பதை ஒட்டிய வயது, நிலம், புகழ், குடும்பம் எல்லாம் இருந்தும், தூக்கு மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் கயிற்றைத் தன் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தாராம். அப்புறமும் 82 வயதுவரை வாழ்ந்தார். மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் சொன்னதும் இதுதான்: வாழ்க்கையைப் பார்த்து நீ கேள்வி கேட்காதே, அது உன்னைக் கேட்கிறது, செயலால் பதில் சொல். அதனால் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், வேர்க்கும்படி நடங்கள், யாருக்காவது உதவுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் இந்த மாதிரி யோசனையே வேண்டாம். பசி எடுத்தால் பாதி தத்துவம் போய்விடும்.

-----

யாரும் மருந்து கேட்கவில்லையே ஐயா. ஃபிராங்க்ல் நாஜி முகாம்களில் இருந்து 1945இல் உயிரோடு வெளியே வந்தவர், பெற்றோர், அண்ணன், மனைவி ஆகியோரை அங்கே இழந்தவர். அவர் பட்டுச் சொன்னதைக் காலை நடைப்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் எப்படி?

என் கதை சின்னது. மாதாமாதம் ஓர் அறிக்கை தயாரித்து அனுப்புவது என் வேலை. ஒருநாள் தற்செயலாகப் பார்த்தால், அனுப்பியதில் ஒன்றைக்கூட யாரும் திறந்ததே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உருண்டு விழும் பாறையை ஓயாமல் மலைமேல் தள்ளும் கிரேக்கப் புராணத்துச் சிசிஃபஸ் சந்தோஷமாக இருப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942இல் எழுதினார். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனால் அடுத்த மாத அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டதும் கை தானாகப் போய்த் திருத்தியது. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் திருத்தினேன்? பழக்கதோஷம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.