பழைய கப்பல் சன்னல்: முலாமா, மெழுகா?

உவரிக்காரன்:
தாத்தா தூத்துக்குடி பழைய சாமான் கடையில வாங்கிப் போட்ட ரெண்டு கப்பல் சன்னல் மச்சுல கெடந்துச்சு. கனத்த வெண்கல வளையம், கீலோட இருக்கு. ரெண்டு படம் போட்டிருக்கேன். வீட்டு முகப்புல மாட்டணும். கடல் கூப்பிடு தூரம். பத்து வருசமாச்சும் தாங்கணும். குரோம் முலாமா, இல்ல லாக்கர்னு வார்னிஷ் மாதிரி அடிக்குத தெளிவான பூச்சா?

பாளை பட்டறை:
குரோம்தான் தம்பி. ஆனா அடியில நிக்கல் கனமா வேணும், கடலோரத்துக்கு 25 மைக்ரானுக்குக் கொறையப்படாது. மேல வாற குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. காப்பு நிக்கல்தான். மலிவா போடுதவன் அதுலதான் கை வைப்பான்.

மணப்பாட்டு அக்கா:
அண்ணாச்சி, வெண்கலத்துக்கு எதுக்கு முலாம்? கப்பல் விசிறிய வெண்கலத்துல வார்த்து அப்படியேதான் கடல்ல ஓட்டுதாவ. முலாத்துல ஊசிக்கண்ணு ஓட்டை ஒண்ணு விழுந்தா போதும், உப்பு உள்ள போயி ஓரம் செதிலா உரியும். அதுபோக முலாம் போடுமுன்ன ஆசிடுல முக்கி, சக்கரத்துல வச்சு பஃபிங்குன்னு தேய்ப்பாவ. வார்ப்புல எழுத்து இருந்தா அதும் போச்சு.

பாளை பட்டறை:
பேச நல்லாத்தான் இருக்கு. மாசாமாசம் தொடைக்கது யாரு, நீங்களா? பச்சை வழிஞ்சு சுவரெல்லாம் கறையாகும்லா?

மணப்பாட்டு அக்கா:
எல்லாப் பச்சையும் ஒண்ணில்ல. அழுத்தமா ஒட்டிக் கெடக்க களிம்பு உலோகத்துக்குச் சட்டை, அத சொரண்டாதீய. தொடச்ச எடத்துலயே வெளிறின பச்சைப் பொடி திரும்பப் பூத்தாதான் வினை. உள்ள உப்பு இருக்குன்னு அர்த்தம். நல்ல தண்ணிய மாத்தி மாத்தி ஊற வச்சு உப்ப எறக்கி, வெயில்ல காய வச்சு, சூடு ஆறுமுன்ன மெழுகு தேய்க்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்க திரும்ப. போர் தண்ணி உப்பா இருந்தா மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. லாக்கர் பளபளன்னு இருக்கும். ஒரு கீறல் விழட்டும், அதுக்கடியில கருப்பு வேர் மாதிரி ஓடும், முழுசா உரிக்காம சரிபண்ண முடியாது.

நெல்லை டவுன்:
எங்க ஆச்சி புளியும் உப்பும் போட்டு வெளக்குவா, பொன்னா மின்னும்.

மணப்பாட்டு அக்கா:
குத்துவெளக்குக்கு சரி, தேய்ச்ச கையோட கழுவிருதோம். இங்க உப்ப எறக்கத்தான் பாடுபடுதோம், நீங்க அள்ளிப் போடச் சொல்லுதீய!

பாளை பட்டறை:
தம்பி, ரெண்டாவது படத்துல கீல் பக்கம் செம்பு நெறத்துல திட்டுத்திட்டா இருக்கே, அது என்ன? ஆணியால குத்திப் பாரும்.

உவரிக்காரன்:
குத்துனேன். காரை மாதிரி உதிருது.

மணப்பாட்டு அக்கா:
அப்ப கீலு பித்தளை. உப்பு அதுல கலந்திருக்க துத்தநாகத்த தின்னுட்டு செம்பு சல்லடைய விட்டுட்டுப் போயிருக்கு. மெழுகும் நிக்காது.

பாளை பட்டறை:
முலாமும் நிக்காது, அத நானே சொல்லுதேன். கீலை வெண்கலத்துலயே கடைஞ்சு தாரேன், கொண்டாரும். திருகும் வெண்கலமா இருக்கட்டும். இரும்புத் திருகு போட்டா அதுதான் மொதல்ல துருவேறிப் போகும். வளையத்துக்கு மெழுகோ மண்ணோ, அக்கா சொல்லுதபடி பூசிக்கிடும்.