பிக்கப்புக்குக் கூடுதல் சுவிட்ச் பெட்டி: வயரிங் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி, கேரட் லோடு ஓட்டுபவர்:

வணக்கம். சொந்தமாகப் பிக்கப் வைத்து காய்கறி லோடு அடிக்கிறேன். எங்கள் பக்கம் கேரட் அறுவடை நடுராத்திரிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். விடியும் முன்னால் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். அதனால் தோட்டத்தில் வண்டியின் பின்பக்கம் வெளிச்சம் வேண்டும். மலை இறங்கும்போது பனிமூட்டத்துக்கு முன்பக்கம் ஃபாக் லைட் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு சுவிட்ச் பெட்டி வாங்கி மாட்டினேன். நாலு ராக்கர் சுவிட்ச், ஒவ்வொன்றிலும் சின்ன சிவப்பு விளக்கு.

அன்றைக்கு நான் செய்த வேலையை அப்படியே சொல்லிவிடுகிறேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரே ஒயர். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் டிரில் போட்டு, அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்தேன். ஃப்யூஸை எங்கே வைத்தேன் தெரியுமா? மாற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று டேஷ்போர்டுக்குக் கீழே, சுவிட்சுக்குப் பக்கத்தில். ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட் போடவில்லை, இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

எட்டு மாசம் நன்றாக ஓடியது. ஒரு நாள் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், முழு லோடு, காலை மூணரை மணி. பலாப்பழ சீசன், யானை நிற்கும் இடம், அதனால் மெதுவாகத்தான் வந்தேன். திடீரென்று பிளாஸ்டிக் எரியும் வாடை. காலடியிலிருந்து வெள்ளைப் புகை. சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்தேன், சாவியையும் திருப்பினேன், புகை நிற்கவில்லை. அப்போது அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கூட வந்த அக்கா மகன் சக்கரத்துக்குக் கல் வைக்க, நான் பானெட்டைத் திறந்து 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். கை நடுங்கியதில் ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது. டெர்மினல் கழன்ற பிறகுதான் புகை அடங்கியது.

காலையில் பார்த்தால், தகட்டின் விளிம்பு ஒயரின் தோலைத் தேய்த்துத் தேய்த்துத் தாமிரம் வெளியே தெரிந்தது. அது பாடியில் பட்டதும் ஷார்ட். ஃப்யூஸ் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஷார்ட் ஆன இடம் ஃப்யூஸுக்கு முன்னால் இருந்ததால் அந்தக் கரண்ட் ஃப்யூஸ் வழியாகப் போகவே இல்லை. பேட்டரியில் இருந்த சக்தி மொத்தமும் அந்த ஒயரிலேயே இறங்கியது. ஃப்யூஸ் காப்பாற்றுவது விளக்கை இல்லை, ஒயரை. அதனால் ஒயர் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஃப்யூஸ் இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

மறுபடி மொத்தத்தையும் பிரித்துச் செய்தேன். பாசிட்டிவ் டெர்மினல் பக்கத்திலேயே 40 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ். அங்கிருந்து 6 ஸ்கொயர் எம்எம் ஒயர், பானெட்டுக்குள்ளேயே தண்ணீர் படாத இடத்தில் ஒரு ரிலே பெட்டி. நாலு ரிலே. சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டை ஆன் செய்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. ரிலேயில் 30 என்று நம்பர் போட்ட காலுக்கு ஃப்யூஸ் வழியாக பேட்டரி பாசிட்டிவ், 87இலிருந்து விளக்கு, 86க்குச் சுவிட்சிலிருந்து வரும் ஒயர், 85 எர்த், அதாவது பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்கு. கேபினுக்குள் இப்போது விளக்கின் கரண்ட் வருவதே இல்லை. சுவிட்ச் ரிலேயை இழுக்க மட்டும்தான். ஒரு ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள் 0.25 ஆம்பியர்கூட எடுக்காது, அதனால் உள்ளே போகிற ஒயர்கள் மெலிசானவை, அவற்றுக்குத் தனியாக 5 ஆம்பியர் ஃப்யூஸ்.

ஃபாக் லைட் 55 வாட் இரண்டு, சேர்ந்து 110. அதை பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியர் சொச்சம். அதற்கு நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 ஸ்கொயர் ஒயர். பின்பக்க எல்இடி இரண்டும் சேர்ந்து மூணு ஆம்பியர்தான், 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ஃப்யூஸ் போகிறது என்று பெரிய ஃப்யூஸ் மாற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள்தான் ஃப்யூஸ்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நான் விட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மஸ்கட், ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

தம்பி, உயிர் தப்பினதே பெரிசு. நான் சொந்த ஊர் புதுக்கோட்டை. வாடி கபீரில் பதினாறு வருஷமா இதே வேலை. எங்ககிட்ட வர்றது பெரும்பாலும் சைட்டுக்குப் போற ஹைலக்ஸ். மேலே மஞ்சள் சுழல் விளக்கு, பின்னாடி வேலை விளக்கு, எல்லாம் ஒரே சுவிட்ச் பெட்டியில.

நீ பாசிட்டிவ் பக்கத்தை நல்லாச் சொல்லிட்ட. எர்த்தைப் பத்தி ஒரு வார்த்தைதான் வந்திருக்கு. எங்கிட்ட வர்ற புகார்ல பாதிக்கு மேல எர்த்துதான். ஒரு தடவை ஒரு வண்டி வந்துச்சு. சுழல் விளக்கைப் போட்டா ரிவர்ஸ் லைட் மங்கலா மின்னுது. மூணு கடையில காட்டியிருக்காங்க. சுவிட்ச் மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு, அப்படியேதான் இருக்கு.

ரெண்டு விளக்குக்கும் ஒரே போல்ட்டுல எர்த் கொடுத்திருந்தாங்க. அந்த போல்ட்டு பெயிண்டுக்கு மேலேயே முடுக்கியிருந்துச்சு. கரண்டுக்குத் திரும்பிப் போக வழி சரியில்லைன்னா அது வேற வழி தேடும். சுழல் விளக்கோட கரண்ட், ரிவர்ஸ் லைட் பல்பு வழியாப் பின்பக்கமா ஏறி, அந்த சர்க்யூட்டுல இருக்குற மத்த எர்த்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அதனாலதான் அந்த பல்பு மின்னினது.

மீட்டரை ஓம்ஸ்ல, அதான் ரெசிஸ்டன்ஸ் அளக்குறதுல வச்சுப் பார்த்தா இது மாட்டாது. லோடு இல்லாதப்ப ஒத்தை இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். விளக்கை எரியவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனையை விளக்கோட எர்த் ஒயர்லயும் வை. அன்னைக்கு 2.8 வோல்ட் காட்டுச்சு. பெயிண்டைச் சுரண்டி, ஒயர் நுனியில புது லக் (போல்ட்டுல மாட்டுற வளையம்) அடிச்சு, பல் வாஷர் போட்டு முடுக்கினப்புறம் 0.05. ரிவர்ஸ் லைட் அதுக்கப்புறம் மின்னவே இல்லை.

இன்னொண்ணு. ஆடுற இடத்துல ஒயரைச் சால்டர் பண்ணாதே. ஈயம் இழைக்குள்ள ஊறி ஒயரைக் கம்பி மாதிரி விறைப்பா ஆக்கிடும், அது முடியுற எடத்துல ஒடியும். லக்கை ஒயரோட சேர்த்து நசுக்குற நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்கி லக் அடி, மேல சூட்டுல சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. பிளையருக்குக் காசு பார்க்காதே.

தேனி, அப்பாவின் வண்டியைக் கவனித்துக்கொள்பவர்:

அண்ணா, எங்கள் கதை புகை இல்லை, பேட்டரி. அப்பா வாழைத்தார் ஏற்றுகிறார். பின்பக்க விளக்கை அணைக்க மறந்து தூங்கிவிட்டார். 36 வாட்தான், மூணு ஆம்பியர். ஆனால் பத்து மணி நேரம் என்றால் 30 ஆம்பியர் ஹவர். மூணு வருஷம் ஓடிய பேட்டரியைக் காலி செய்ய அது போதுமானதாக இருந்தது. விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். தார் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து ஜம்ப்பர் போட்டு எடுக்கும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் சொல்வது, சுவிட்ச் பெட்டிக்கு சாவி போட்டால் மட்டும் வருகிற லைனிலிருந்து கரண்ட் எடு என்று. ஃபாக் லைட்டுக்குச் சரி. ஆனால் லோடு ஏற்றும்போது என்ஜினை நிறுத்தித்தானே வைக்கிறோம்? சாவியை ஆன் செய்து வைத்தால் மற்றவையும் சேர்ந்து பேட்டரியைத் தின்னும். நாங்கள் மூணு சுவிட்சைச் சாவி லைனிலும், பின்பக்க விளக்கை மட்டும் நேரடி பேட்டரி லைனிலும் கொடுத்தோம். அந்த ஒன்றுக்கு மட்டும், 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாக அணைத்துவிடும் ஒரு சின்ன போர்டு வைத்தோம். அதற்கப்புறம் இரண்டு தடவை மறந்திருக்கிறார். இரண்டு தடவையும் செல்ஃப் எடுத்தது.

சத்தியமங்கலம், புதிய வண்டி:

புது வண்டிக்கு இதைச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிற உறையில் ஒயர் போனால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காதீர்கள், அதிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். நான் தொடப் போன நேரத்தில் என் தம்பி கையைத் தட்டிவிட்டான். கம்பெனி ஒயரை வெட்டி இணைத்தால் வாரண்டிப் பிரச்சினையும் வரும். நான் ஃப்யூஸ் பெட்டியில் சொருகும் மாதிரியான தனி ஃப்யூஸ் ஹோல்டர் வழியாகத்தான் சாவி லைன் எடுத்தேன், எந்த ஒயரையும் வெட்டவில்லை.

கோத்தகிரி, கேரட் லோடு ஓட்டுபவர்:

தங்கச்சி, உங்கள் போர்டு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் நான் என்ஜினை ஓடவிட்டு டீசலை வீணாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சுவிட்சை மாற்றப் போகிறேன்.

சத்தி நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஃபாக் லைட்டைப் பம்பருக்குக் கீழே, வெளிச்சம் தரையில் விழுகிற மாதிரி வையுங்கள். மேலே கூரையில் எல்இடி பார் வைத்து எரியவிட்டு வருகிறவர்களால் மலையில் எதிரே வருபவனுக்குக் கண்ணே தெரியாது. பனியில் அந்த வெளிச்சம் திரும்ப ஓட்டுபவர் கண்ணிலேயே அடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் எதைப் பொருத்துவதற்கு முன்னாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஸ்கட் அண்ணே, இன்றைக்கு லோடு இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே பின்பக்க எல்இடியை எரியவிட்டு எர்த்தை அளந்தேன். 0.6 வோல்ட். வெளிச்சம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவே இல்லை. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே துரு, மண். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லக் மாற்றி முடுக்கினேன், இப்போது 0.04. மேலே வாஸ்லின் தடவியிருக்கிறேன். ரிலே பெட்டியின் எர்த்தையும் நாளைக்குக் கழற்றிப் பார்க்கிறேன்.