காரை பெயர்ந்து விழுந்த சீலிங்கை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடலாமா?

மாடிப்படி எழுதியது:

போன வாரம் இரவு இரண்டு மணி இருக்கும். அப்பா அறையில் 'தொப்' என்று சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, தாம்பாளம் அகலத்துக்குச் சீலிங் காரை பெயர்ந்து விழுந்து கிடக்கிறது. நல்லவேளை, அப்பா அந்த நேரம் பாத்ரூம் போயிருந்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட். மறுபக்கம் கம்பி பதிந்திருந்த தடம் குட்டி வாய்க்கால் மாதிரி ஓடுகிறது, அதன் அடியெல்லாம் துரு. அண்ணாந்து பார்த்தால் இரண்டு கம்பிகள் பல்லைக் காட்டுகின்றன.

வீடு கட்டி 28 வருடம். அந்த இடத்தில் ஒரு வருடமாகவே பழுப்பாக ஒரு கறை இருந்தது. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம், இரண்டு தடவையும் திரும்ப எட்டிப் பார்த்தது. அதற்கு நேர் மேலே மாடிப் பாத்ரூம்.

இன்டீரியர் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டோம். ஐந்து நிமிடம் பார்த்தார். "மேலாகக் கொஞ்சம் பூசிவிட்டு ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம், நாலு நாள் வேலை, சுற்றிலும் மறைவிளக்கு வைத்தால் அறையே மாறிவிடும்" என்றார். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது முழுக்க அண்ணனைப் பார்த்து. அண்ணனுக்கு அந்த விளக்கு பிடித்துவிட்டது. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்படி மூடுவது சரியா? கம்பி வெளியே தெரிகிறது என்றால் எவ்வளவு மோசம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிழல்குடை எழுதியது:

வேண்டாம் அக்கா. நான் அதைச் செய்து பட்டவன்.

எங்கள் ஹாலில் இதே மாதிரி ஈரக்கறை. அசிங்கமாக இருக்கிறது என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தோம். ஒன்றரை வருடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இரவு நேரங்களில் மேலே 'பொட்... பொட்' என்று ஏதோ விழும். எலி என்று முடிவு கட்டிப் பொறி வாங்கி வைத்தோம். இரண்டு வாரம் பொறி காலியாகவே இருந்தது. ஒருநாள் பார்த்தால் விளக்குக்குப் பக்கத்தில் போர்டு தொந்தி போட்டிருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன். அரை வாளித் தண்ணீர் என் சட்டையில். போர்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, எலி எதுவும் இல்லை, தளத்தில் இருந்து விழுந்த காரைத் துண்டுகள் போர்டின் முதுகில் குவிந்து உட்கார்ந்திருந்தன. விளக்குக்குப் போகும் வயரும் அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போதும் பகீர் என்கிறது.

மூடாமல் இருந்திருந்தால் முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும். அவ்வளவுதான் என் அனுபவம். வேலை நுணுக்கம் தெரிந்தவர்கள் மீதியைச் சொல்லட்டும்.

கரணை எழுதியது:

தங்கச்சி, கட்டட வேலையில் 26 வருடம் மேற்பார்வை பார்த்தவன் சொல்கிறேன். முதலில் அப்பாவை வேறு அறைக்கு மாற்றுங்கள், பதில் எல்லாம் அப்புறம் படிக்கலாம். 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் காரை சுமார் 40 கிலோ இருக்கும். மீதி எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கட்டிலில் விழுந்தது வெறும் பூச்சு இல்லை. பூச்சு மட்டும் கழன்றிருந்தால் பின்பக்கத்தில் கம்பித் தடம் இருக்காது. தடம் இருக்கிறது என்றால் கம்பிக்குப் போர்வையாக இருந்த கான்கிரீட்டே கழன்று வந்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், மூடி மறைப்பதில் பயன் இல்லை என்பது தானாகப் புரியும்.

கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். புதிதில் அதன் பி.எச். 12, 13 என்று இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகித் துரு பிடிக்காமல் காக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி இந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கம்பி வரைக்கும் எட்டிவிட்டால் காவல் போயிற்று. அப்புறம் தண்ணீர் ஒன்றுதான் பாக்கி. அதை உங்கள் மாடிப் பாத்ரூம் ஒரு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. துருவுக்கு, இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் ஏது? கீழே இருக்கிற கான்கிரீட்டை முட்டித் தள்ளுகிறது. விழுகிறது.

ஆகவே வேலை மேலே இருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் கீழே எத்தனை தரம் பூசினாலும் வீண். பாத்ரூம் முழுவதையும் உடைத்துவிடாதீர்கள், முதலில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரில் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. நகரவில்லை என்றால், தரைச் சல்லடையைத் துணி வைத்து இறுக்கமாக அடைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒன்றரை நாள் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் தரையில் கோளாறு. கூடவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் போக விடுங்கள். அப்போது மட்டும் ஈரம் வந்தால் கழிவுக் குழாயில் கோளாறு.

கீழே அறையில், சுத்தியலின் மரப்பிடியால் சீலிங்கை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். தலையில் ஹெல்மெட், கண்ணாடி இல்லாமல் ஏறக் கூடாது. கெட்டியான இடம் 'ணங்' என்று பேசும். உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்னும். அதைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். விழுந்த இடத்தைவிட வட்டம் பெரிதாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

கம்பியை வயர் பிரஷால் தேய்த்து மின்னும் இரும்பு தெரிந்த பிறகு வெர்னியர் (கம்பியின் கனத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்து எழுதுங்கள். 8 மி.மீ. கம்பி 6 ஆகியிருந்தால் 'ரெண்டு மில்லிதானே' என்று தோன்றும். கணக்குப் போட்டால் குறுக்குப் பரப்பில் 44 விழுக்காடு போயிருக்கும்.

இன்னொன்று. அவசரத்துக்கு அந்த ஓட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அப்பிவிடலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது ஜிப்சம். சிமெண்டில் உள்ள காரம் அதில் கிடையாது, ஈரம் பட்டால் கம்பியை இன்னும் வேகமாக அரிக்கும்.

வெள்ளையடி எழுதியது:

கரணை அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பெயிண்டர் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும்.

கறை திரும்பத் திரும்ப வருவது பெயிண்டின் குற்றம் இல்லை. தண்ணீரில் கரைந்து வருகிற பழுப்பு, எமல்ஷனும் தண்ணீரில் கலக்கிற பெயிண்ட் என்பதால் அதில் கரைந்து மேலே வந்துவிடும். கசிவை நிறுத்தி, நன்றாகக் காயவிட்டு, கறையைத் தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு அப்புறம் எமல்ஷன் போங்கள். எட்டிப் பார்க்காது.

அண்ணனின் மறைவிளக்குக்கு: ஓரத்தில் இருந்து சாய்வாக அடிக்கும் வெளிச்சம் சீலிங்கில் இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பகலில் வழவழவென்று தெரிகிற பட்டி வேலை, அந்த விளக்கைப் போட்டதும் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். போடுவதென்றால், பட்டி தேய்க்கும்போதே ஒரு விளக்கை ஓரமாகப் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பளபளப்புப் பெயிண்ட் சீலிங்குக்கு வேண்டவே வேண்டாம், மேட்தான்.

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகச் சோதனைதான்.

மீட்டர் எண் காலையில் அப்படியே இருந்தது. தண்ணீர் தேக்கி ஒன்றரை நாள் விட்டோம், கீழே ஒன்றும் இல்லை. 'அப்படியானால் பாத்ரூம் இல்லை' என்று அண்ணன் ஜெயித்த மாதிரி சிரித்தான். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துச் சல்லடை வழியாக ஊற்றினேன். அப்பா கீழே நாற்காலி போட்டு டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் இருக்கும், "வந்துடுச்சு, நீலம் வந்துடுச்சு" என்று கத்தினார். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் ஓட்டை. உடைத்துப் பார்த்தால் குழாய் இணைப்பு விட்டிருந்தது, அதைச் சுற்றி அடைத்த சிமெண்டும் பொரிந்து போயிருந்தது. நாலு டைல் மட்டும்தான் எடுத்தோம்.

தட்டிப் பார்த்ததில் விழுந்த இடம் ஒரு தாம்பாளம், சாக்பீஸ் வட்டம் ஒன்றரை மீட்டருக்கு ஒரு மீட்டர்! கம்பி எல்லாம் 8 மி.மீ. பெரும்பாலான இடத்தில் 7.5க்கு மேல் இருக்கிறது. ஒரே ஒரு கம்பி மட்டும் குழாய்ப் பக்கத்தில் 6.5. இதற்கு என்ன செய்வது?

கரணை எழுதியது:

அப்பாவுக்கு ஒரு சபாஷ். சைட்டில் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

6.5 என்றால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குத் துணைக் கம்பி கொடுக்க வேண்டியிருக்கும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும், என் வார்த்தையை வைத்துக்கொண்டு மட்டும் செய்யாதீர்கள். பொதுவாகப் புதுக் கம்பி, கெட்டுப்போன இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு சேர்ந்து ஓட வேண்டும். 8 மி.மீ.க்கு ஒரு பக்கத்துக்கு 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு நீளமாகக் கொத்தித் திறக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இதைத்தான் ஆட்கள் 'சின்ன வேலைதானே' என்று விட்டுவிடுவார்கள். கம்பியின் அடிப்பக்கம் மட்டும் சுரண்டினால் போதாது, முதுகுப் பக்கமும் விரல் நுழைகிற அளவு, 20 மி.மீ. வரை, கொத்தி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு பின்னால் ஒளிந்துகொள்ளும். துருவைச் சுத்தமாக எடுத்த அன்றே துத்தநாகப் பிரைமர், அப்புறம் பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவை ஒட்டுவதற்கு ஒட்டுப் பால், அது காய்வதற்குள் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை. தலைக்கு மேல் வேலை என்பதால் ஒரே அடியாக அப்பினால் சொந்தக் கனத்தில் தொங்கிவிடும். 10 மி.மீ., 10 மி.மீ. ஆகப் படி வைத்துப் பூச வேண்டும். சீலிங்கில் தண்ணீர் நிற்காது, அதனால் மூட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் கைத்தெளிப்பான் வைத்து அடிக்க வேண்டும். அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

மூடுவது பற்றி: ஒரு மழைக்காலம் போகட்டும். கறை வரவில்லை என்றால் ஃபால்ஸ் சீலிங் தாராளமாகப் போடலாம், எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் இல்லை. ஃபேன் மட்டும் தளத்தின் கொக்கியில் இருந்துதான் தொங்க வேண்டும். ஜிப்சம் சட்டத்தில் மாட்டக் கூடாது. றெக்கை கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கிவிடாமலும் பாருங்கள். குழாய்க்கு நேர் கீழே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்கள்.

மாடிப்படி எழுதியது:

வேலை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. பொறியாளர் வந்து பார்த்து, அந்த ஒரு கம்பிக்கு மட்டும் துணைக் கம்பி போடச் சொன்னார். மற்றபடி அண்ணன் சொன்னபடியேதான் (என் அண்ணன் இல்லை, கரணை அண்ணன்). முட்டுக் கொடுக்கச் சொன்னதற்கு வந்த மேஸ்திரி முகம் சுளித்தார், பிடிவாதமாக நின்றுவிட்டேன். தெளிப்பான் வேலையை அப்பா ஒரு வேளைகூட விடவில்லை. சாக்பீஸ் வட்டத்தின் ஓரம் பழைய பூச்சோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விரிசல் வந்தது. வெள்ளையடி, நீங்கள் சொன்ன ஆயில் பிரைமருக்கு முன்னால் அந்த இடத்தில் வலைத்துணிப் பட்டை ஒட்டிப் பட்டி பார்த்தார்கள். இப்போது தெரியவில்லை.

ஃபால்ஸ் சீலிங் போடவில்லை. அளந்து பார்த்ததில் அந்த அறையின் உயரத்துக்கு ஃபேன் தலையில் இடிக்கிற மாதிரி வருகிறது. என் அண்ணன் மறைவிளக்கை விடுவதாக இல்லை, அலமாரியின் தலையில் ஒளித்து வைத்திருக்கிறான். சீலிங்கில் வெளிச்சம் விழுகிறது, மேடு பள்ளமும் தெரிகிறது, ஆனால் அவன் 'டெக்ஸ்சர்' என்கிறான்.

அப்பா பழைய அறைக்கே திரும்பிவிட்டார். கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. தலையணையை மட்டும் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு படுக்கிறார்.