பாஸ்கா கால ஞாயிறு வாசகங்கள்: சிந்தனை தயாரிப்போர் பகிர்வு

மறையுரைக் குறிப்பு எழுதுபவர்

ஞாயிறு திருப்பலி வாசகங்களுக்குச் சிந்தனை எழுதுவதில், முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் ஒரே கருத்தில் இணைப்பது பொதுக்காலத்தில் கைவந்த முறை. பாஸ்கா காலத்தில் (உயிர்ப்புப் பெருவிழா முதல் பெந்தகோஸ்து வரை) அது உதவாது. பொதுக்கால ஞாயிறுகளின் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து, அன்றைய நற்செய்திக்கு ஒத்துப்போகும்படி எடுக்கப்பட்டது. பாஸ்கா கால ஞாயிறுகளில் அந்த இடத்துக்குத் திருத்தூதர் பணிகள் நூல் வந்துவிடுகிறது. வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில், இரண்டாம் ஞாயிறு முதல் இரண்டாம் வாசகம் முதலாம் ஆண்டில் 1 பேதுரு, இரண்டாம் ஆண்டில் 1 யோவான், மூன்றாம் ஆண்டில் திருவெளிப்பாடு. முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி மூன்றும் தத்தம் வழியில் போகின்றன. அவற்றை இழுத்துப் பிடித்து ஒரே கருத்தில் முடிச்சுப் போட்டால், "அன்பு", "நம்பிக்கை" போன்ற பொதுச் சொற்கள்தான் மிஞ்சும்.

முதல் வாசகத்தையும், அதற்குப் பின் பாடும் திருப்பாடலான பதிலுரைப் பாடலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாம் ஆண்டு மூன்றாம் ஞாயிறு: பேதுரு தன் உரையில் மேற்கோள் காட்டுவது திருப்பாடல் 16, அதுவேதான் அன்றைய பதிலுரைப் பாடல். இரண்டாம் ஆண்டு நான்காம் ஞாயிறு: கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றிப் பேதுரு பேசுகிறார் (திருத்தூதர் பணிகள், சுருக்கமாக திப, 4:11), உடனே நாம் பாடுவது அந்தக் கல் இடம்பெறும் திருப்பாடல் 118. தொடக்கத் திருச்சபை தன் செபப் புத்தகமான திருப்பாடல்களைக் கொண்டே உயிர்ப்பைப் புரிந்துகொண்ட விதம் இங்கே கண்முன் தெரிகிறது. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான சிந்தனைகளில் திருப்பாடலுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

மறைக்கல்வி ஆசிரியர்

சகோதரர் சொன்னதோடு இன்னொன்று: வாசகம் எந்த வசனத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, முன்னும் பின்னும் பத்து வசனமாவது படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஐந்தாம் ஞாயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசகம் திப 14:21-இல் தொடங்குகிறது. பவுலும் பர்னபாவும் லிஸ்திராவுக்குத் திரும்புகிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். 19-ஆம் வசனத்தில் அதே லிஸ்திராவில்தான் பவுலைக் கல்லால் எறிந்து, இறந்துவிட்டார் என்று நினைத்து நகருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அங்கேயே திரும்பிப் போய்த்தான், பல துன்பங்கள் வழியாகவே இறையாட்சிக்கு உட்பட வேண்டும் என்று சொல்கிறார். 19-ஐ விட்டுவிட்டால் 22-க்கு உயிரில்லை. அதே வாசகத்தில் அந்தியோக்கியா இருமுறை வருகிறது: முதலாவது பிசிதியாவில் உள்ளது, கடைசியில் வருவது அவர்கள் புறப்பட்ட சிரியா நாட்டு நகரம். ஒரே ஊர் என்று எடுத்துக்கொண்டால் பயணமே புரியாது.

அன்றைய நற்செய்தி, யோவான் 13:31-33அ, 34-35. யூதாசு வெளியே போனபின் சொன்னது. அதற்கு முந்தைய வசனம் இரவு நேரம் என்கிறது. 38-இல் பேதுருவின் மறுதலிப்பு முன்னறிவிக்கப்படுகிறது. காட்டிக்கொடுப்பவனுக்கும் மறுதலிப்பவருக்கும் நடுவில் வைத்துத்தான் புதிய கட்டளை தரப்படுகிறது. 5, 6, 7-ஆம் ஞாயிறுகளின் நற்செய்திகள் எல்லாமே யோவான் 13 முதல் 17 வரை, இறுதி இரவுணவில் பேசியவை. உயிர்த்த ஆண்டவர் பேசியதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாசகர் பயிற்சியாளர்

இரண்டாம் ஞாயிறு மூன்று ஆண்டுகளிலும் ஒரே நற்செய்தி, யோவான் 20:19-31. "எட்டு நாள்களுக்குப் பின்" என்று அதிலேயே வருவதால்தான் அந்த நாளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தோமா காயத்தைத் தொட்டார் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. தொடும்படி இயேசு அழைக்கிறார், உடனே தோமா தம் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார். "அவரோடு இறப்போம்" என்று 11:16-இல் துணிந்து சொன்னவரும் இதே தோமாதான். அவரைச் சந்தேகப் பேர்வழி என்று மட்டும் வர்ணிப்பது நியாயமில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கு: பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைக்க நேர்ந்தாலும் விடுதலைப் பயணம் 14-ஐ ஒருபோதும் விடக்கூடாது. அந்த வாசகம் மோசேயும் மக்களும் பாடத் தொடங்குவதோடு முடிகிறது. பாடகர் குழு அதற்குள் எழுந்து தயாராக நிற்காவிட்டால், இடையில் விழும் அமைதியில் பாடல் வாசகத்திலிருந்து அறுந்துவிடும்.

மறையுரைக் குறிப்பு எழுதுபவர்

ஆண்டவரின் விண்ணேற்றத்தை வியாழனுக்குப் பதில் ஏழாம் ஞாயிற்றில் கொண்டாடும் நாடுகளில் அந்த ஞாயிற்றின் வாசகங்கள் விடுபடும். அன்றைய நற்செய்தியான யோவான் 17-உம் அதோடு போய்விடும். அங்கெல்லாம் ஏழாம் ஞாயிற்றின் இரண்டாம் வாசகத்தையும் நற்செய்தியையும் ஆறாம் ஞாயிறே வாசிக்க வாசக நூல் இடம் தருகிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.