விண்வெளி சோலார் கரண்டை நம்ம ஊருக்கு மட்டும் இறக்க முடியுமா?

தோவாளைக்காரன்:
ஆனி, ஆடி சாரல்ல மாடி சோலார் படுத்துருது. விண்வெளியில பேனல் வச்சு மைக்ரோவேவ்ல கரண்ட் அனுப்பினா மேகம் தடுக்காதுன்னு சொல்றாங்க. ஒரு ஊருக்கு 100 கிலோவாட் போதும். ஒரு ஏலா (வயல்வெளி) அளவு இடத்துல வாங்கிக்க முடியுமா?

அலைவரிசை:
மேகம் தடுக்காதுங்கறது சரிதான். 2.45 கிகாஹெர்ட்ஸை மழை பெருசா ஒண்ணும் செய்யாது. 'ஒரு ஊருக்கு'ங்கறதுலதான் இடிக்குது. செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேல நிக்கிற மாதிரி சுத்துற புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கி.மீ. உயரத்துல இருக்கு. அவ்வளவு தூரத்துல மைக்ரோவேவ் கற்றை விரியும். தரையில விழுற வட்டம் = 2.44 × அலைநீளம் × தூரம் ÷ அனுப்புற ஆன்டெனாவோட விட்டம். அலைநீளம் 12.2 செ.மீ., மேல ஆன்டெனாவே 1 கி.மீ.ன்னு வைங்க, கீழ 10.7 கி.மீ. வரும். நாகர்கோவில் டு கன்னியாகுமரியில பாதி! மேல ஆன்டெனாவைச் சின்னதாக்கினா கீழ வட்டம் இன்னும் பெருசாகும். 5.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போனா 4.5 கி.மீ. ஆகும், அப்பவும் ஏலாவுக்குள்ள அடங்காது.

1975-ல அமெரிக்காவுல கோல்ட்ஸ்டோன்ல சுமார் ஒண்ணரை கி.மீ. தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல அனுப்பி வாங்கியாச்சு. நம்மளைத் தடுக்கிறது தூரம்தான்.

ஷாட்கி:
வாங்குற பக்கத்தையும் பாருங்க. அந்த வட்டம் சுமார் 90 சதுர கி.மீ. அதுல 100 கிலோவாட்டைப் பரப்பினா சதுர மீட்டருக்கு 1 மில்லிவாட் சொச்சம்தான். கீழ மைக்ரோவேவை வாங்கிக் கரண்டாக்குற ரெக்டெனான்னா 6 செ.மீ. டைபோல் (ஆன்டெனா கம்பி), அதோட அலையை நேர்மின்னோட்டமா மாத்துற ஒரு ஷாட்கி டையோடு. 7 செ.மீ. இடைவெளியில வச்சா சதுர மீட்டருக்கு 200 வரும். ஒரு டையோடுக்கு 5 மைக்ரோவாட்! அவ்வளவு சன்னமான சிக்னல்ல டையோடு ஒழுங்கா திறக்கவே திறக்காது.

அதனாலதான் 1979-ல நாசா போட்ட விண்வெளி சோலார் வடிவமைப்புல 5 ஜிகாவாட், நடுவுல சதுர மீட்டருக்கு 230 வாட்னு வச்சாங்க. அந்த ரெக்டெனாவை முட்டம் கடற்கரைப் பக்கம் போட்டா உப்புக்காத்து சால்டரைத் தின்னுரும், ஒவ்வொரு டைபோலையும் சீல் வைக்கணும். எண்ணிக்கையோ 1,800 கோடி. எவன் மாத்துவான்?

தோவாளைக்காரன்:
230 வாட்ல கொக்கு பொரிஞ்சுராதா? ராத்திரியும் வருமா?

அலைவரிசை:
உச்சிவெயில் 1,000 வாட், அதனால பொரியாது. ஆனா பொதுமக்களுக்கு சர்வதேச வரம்பு 10 வாட்தான், உள்ள ஆள் விடமாட்டாங்க. கற்றை விலகாம இருக்க தரையில இருந்து பைலட் சிக்னல் போகும். அது நின்னா மேல உள்ள ஆன்டெனாக்களோட ஒத்திசைவு கெட்டு, கற்றை சிதறி வலுவிழந்துரும்.

விலையையும் கேட்டுக்கோங்க. விண்வெளி சோலார் பத்தின 2024 நாசா அறிக்கையில கூடங்குளத்தோட ரெண்டு அணு உலை அளவுக்கு, அதாவது 2,000 மெகாவாட்டுக்கு, மேல ஏத்த வேண்டியது குறைஞ்சது 5,900 டன். சர்வதேச விண்வெளி நிலையமே 420 டன்தான். ஒரு யூனிட் கரண்ட் 61 சென்ட், அதாவது அப்போதைய மதிப்புல சுமார் 50 ரூபா.

ராத்திரியும் வரும். மார்ச், செப்டம்பரை ஒட்டி ஒவ்வொரு தடவையும் 45 நாள் போல பூமியோட நிழல் விழும். அப்ப நடுராத்திரியில அதிகபட்சம் 70 நிமிஷம் சொச்சம் கட்.